மழைக்கறையும் புகைக்கறையும்

எங்கள் தீவில், ஜங்லிகாட் பக்கம் ஒரு சின்னக் கடையில் நான் ப்ளவுஸ் தைக்கிறேன். கணவருக்குப் பக்கத்து ஹேடோவில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவருக்குப் பிளாஸ்டிக் விமானம் கட்டும் பைத்தியம் பிடித்தது. பெட்டியில் துண்டு துண்டாக வரும். வெட்டி ஒட்டிப் பெயின்ட் அடித்தால் ஒரு நிஜ விமானம் கையகலத்துக்குச் சுருங்கி நிற்கும். ஒட்டுவதில் அவர் கெட்டிக்காரர், அதை இன்றும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடித்த பிறகு எல்லாமே பொம்மையாகத்தான் இருந்தன.

"என்னமோ கொறையுது," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகடு தெரியலைங்க," என்றேன். "நெசத்துல தகடு தகடா வச்சு ஆணி அடிச்சிருக்கும். இது சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கு."

"அப்ப நீயே போடு."

அப்படித்தான் ஆரம்பித்தது. துணியில் புள்ளி வைக்கும் ட்ரேசிங் வீலை முதலில் உருட்டிப் பார்த்தேன். புள்ளிகள் பெரிதாக, தள்ளித் தள்ளி விழுந்தன. பக்கத்து வாட்ச் கடையில் ஒரு பழைய பல்சக்கரம் கேட்டு வாங்கி, பேனாக் கட்டையில் செருகினேன். அதை ஸ்கேல் ஓரமாக உருட்டியதும் இறக்கை முழுக்க ஆணி வரிசை வந்துவிட்டது. தகட்டின் இணைப்புக் கோடுகளை ஊசியால் கீறினேன். கறுப்பு ஆயில் பெயின்டை டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்துத் தொட்டால், அது கோட்டுக்குள் தானாக ஓடும். மேலே படிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பெயின்ட் உதிர்ந்தது போலக் காட்ட, வெள்ளி நிறத்தின் மேல் கல்லுப்பை ஒட்டவைத்து, அதன் மேல் பச்சையை அடித்து, காய்ந்ததும் உப்பைத் தட்டிவிடுவேன். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கடையில் ஆள் வராத மத்தியானங்களில் செய்து செய்து கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஊருக்குப் போகும்போது ஏர்போர்ட்டில் விமானத்துக்கு நடந்து போவோமே, அப்போது அவர் போனைப் பார்த்துக்கொண்டு போவார். நான் இறக்கைக்குக் கீழே நின்றுவிடுவேன். "அரே மேடம், ஆகே படோ!" என்று செக்யூரிட்டி விரட்டும்வரை பார்ப்பேன். என்ஜின் புகை பின்பக்கமாக இழுத்திருக்கும். நிற்கும்போது பெய்த மழை நேர்கீழாக அழுக்கை இறக்கியிருக்கும். இரண்டும் வேறு வேறு கறை.

சென்னையில் நடந்த போட்டிக்கு இரண்டு என்ஜின் வைத்த ஒரு ப்ரொப்பெல்லர் விமானத்தைக் கொண்டுபோனோம். வழி முழுக்கப் பெட்டி என் மடியில்தான் இருந்தது. நடுவர் வயதானவர். பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஒரு கறை மட்டும் ஏன் சார் கீழ எறங்குது? மத்ததெல்லாம் பின்னால போகுதே?"

கணவர் விழித்தார். "அது... டிசைன் சார்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது நிக்கும்போது பெஞ்ச மழைங்க. பின்னால போறது பறக்கும்போது வர்ற புகை."

நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கணவர் சிரித்துக்கொண்டே, "என் வொய்ஃப். நான் செய்யும்போது பக்கத்துலயே ஒக்காந்து பாப்பா. எல்லாம் மனப்பாடம்," என்றார். இருவரும் சிரித்தார்கள். மேற்பரப்பு வேலைக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. மேடையில் என்னைக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள், மனைவி என்று.

லாட்ஜுக்கு வந்ததும் கேட்டேன். "ஏங்க, நான் செஞ்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒட்டுனது யாரு? நீ கோடு போட்ட, அழுக்கு பூசுன. அவ்ளோதானே?"

அதற்குப் பிறகு அவர் விமானத்தை நான் தொடவில்லை. அடுத்ததற்கு அவரே கோடு கீறினார். சாக்கடை வெட்டியது போல இருந்தது. இந்தத் தீவின் ஈரக்காற்றில் பெயின்ட் நிற்காது என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மறுவருஷம் நானே ஒன்றை முதலிலிருந்து கட்டினேன். கடையில் வைத்து, ஆறு மாதம். ஒட்டுவது எனக்குச் சரியாக வரவில்லை, வால் ஒருமுறை கோணிக்கொண்டது. பிரித்து மறுபடி ஒட்டினேன். என் பேரில் விண்ணப்பம் போட்டேன். அவரும் தன்னுடையதோடு கூட வந்தார்.

அதே நடுவர். அதே பூதக்கண்ணாடி. என் விமானத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு என் பேரைப் படித்தார்.

"மேடம், இது சாரோட கையாச்சே. போன வருஷம் பாத்தேனே. ஒருத்தர் ரெண்டு பேர்ல போடக்கூடாதும்மா."

"இது நான் செஞ்சதுங்க. போன வருஷத்துதும் நான்தான்."

அவர் என் கணவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். கணவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, யாரோ கூப்பிடுவது போல வெளியே போய்விட்டார்.

என்னுடையதை எடுத்து, 'பார்வைக்கு மட்டும்' என்ற மேஜையில் வைத்தார்கள். நான் அங்கேயே நின்றேன். ஒரு பெண் வந்து, "ரொம்ப நெஜமா இருக்கு, உங்க ஹஸ்பண்ட் செஞ்சதா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

திரும்பும்போது விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து சீட். அவர் சாண்ட்விச் வாங்கி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

இந்த வருஷமும் விண்ணப்பம் வந்தது. பூர்த்தி செய்து கடைக்கே கொண்டுவந்து காட்டினார்.

"பாரு, ஒம் பேரையும் போட்டுட்டேன். குஷியா?"

செய்தவர் என்ற இடத்தில் அவர் பேர். அதற்குக் கீழே 'உதவி' என்று அவரே கோடு போட்டு, என் பேர்.

"எனக்கு நாலு ப்ளவுஸ் இருக்குங்க," என்று மெஷினை மிதித்தேன்.

அவர் போட்டிக்குப் போகவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறார்.