பாலத்தில் நின்றவர்

மூன்று ஆண்டுகளுக்கு முன், டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பிற்பகல் இரண்டு இருபதுக்கு லாயாங் லாயாங் என்ற ஊரிலிருந்து சிம்பாங் ரெங்கத்துக்குக் காரில் கிளம்பினேன். நேரத்தை நாட்குறிப்பில் எழுதிவைப்பது என் பழக்கம். அதனால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. நான்கு நாளாக மழை விடவில்லை.

பக்கத்து இருக்கையில் திருவிருந்துப் பெட்டி இருந்தது. எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அக்காவுக்குப் புற்றுநோய் முற்றி, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசியாக ஒருமுறை திருவிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். போதகர் மூவாரில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதால், ஞாயிறு ஆராதனையில் ஆசீர்வதித்த அப்பத்தையும் திராட்சைரசத்தையும் சபைச் செயலாளரான என்னையே கொண்டுபோகச் சொன்னார். அக்காவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு இந்துப் பெண், "மூச்சு வாங்குது அண்ணே, சீக்கிரம் வாங்க" என்று இரண்டு முறை அழைத்துவிட்டார். நான் போவதற்குள் உயிர் போய்விடுமோ என்ற பயத்தில் வேகமாக ஓட்டினேன்.

பாதி வழியில் ஒரு சிறுபாலம். அதன்மேல் தண்ணீர் ஓடியது. நடுச்சாலையில் ஒருவர் கைகளை விரித்து நின்றார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர்; எங்கள் சபைக்காரர்தான். குடியை விடும்வரை அவருக்குத் திருவிருந்து கிடையாது என்று நான்கு மாதத்துக்கு முன் சபைக்குழு முடிவெடுத்திருந்தது. அதை முன்மொழிந்தவனும் நான், தீர்மானமாக எழுதியவனும் நான்.

கண்ணாடியை இறக்கினேன்.

"போகாதீங்கண்ணே. அடியில மண்ணு அரிச்சிருச்சு."

அவர் சொன்னதைக் காதில் வாங்கும் முன், வாயில் வாடை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. ஆனாலும் இவர் சொல்லி நான் திரும்புவதா என்று இருந்தது.

"ஆண்டவர் வேலையா போறேன். வழிய விடுங்க."

"அது தண்ணிக்குத் தெரியுமாண்ணே? சொன்னா கேளுங்க லா!"

அவரைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். பாலத்தின் நடுவில் எஞ்சின் நின்றது. பின்சக்கரம் இறங்கி, கார் ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அவர் கயிற்றின் ஒரு முனையை, சாலையோரம் நிறுத்தியிருந்த தன் டிராக்டரில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தார்.

"பெட்டியக் குடுங்கண்ணே. உங்களுக்கு ரெண்டு கையும் வேணும்."

இவர் அதைத் தொடலாமா என்று தயங்கினேன். அந்த நிலையிலும் தயங்கினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். பிறகு கொடுத்தேன். ஜன்னல் வழியாக என்னை இழுத்து வெளியே எடுத்தார்.

டிராக்டரிலேயே, மேட்டுப்பாங்கான செம்பனைத் தோட்டப் பாதையில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். "தண்ணி விஷயத்துல என் பேச்ச யாருண்ணே நம்புவாங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்காவுக்கு உயிர் இருந்தது. ஜெபித்து, அப்பத்தை அவர் கையில் வைத்தேன். வாசலில் சொட்டச் சொட்ட நின்றவரை அக்கா பார்த்தார்.

"அவனுக்கு?"

"இப்ப இல்லக்கா. குழு முடிவு."

"யாரு வீட்டு விருந்து தம்பி இது? நம்ம குழுவோடதா?"

அப்பத்தை இரண்டாகப் பிட்டு, ஒரு துண்டை வாசலை நோக்கி நீட்டினார். அதிக நேரம் அவரால் கையை நீட்டியபடி இருக்க முடியாது. வாசலில் நின்றவரோ அசையாமல் என் முகத்தையே பார்த்தார். பாலத்தில் அவர் பேச்சை நான் மதிக்கவில்லை. இங்கே அவர் என் ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றார்.

"வாங்க" என்றேன்.

அக்கா வியாழக்கிழமை காலமானார். சபைப் பதிவேட்டில் திருவிருந்து எடுத்தவர்கள் என்ற கட்டத்தில், என்னையும் சேர்த்து, மூன்று பேர் என்று எழுதினேன். குழுவில் கேள்வி வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டு பேர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவரும் குடியை முழுதாக விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது.

ஆண்டவருடைய அதிகாரம் எந்தக் குரலில் வரும் என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். இப்போது யாராவது நடுச்சாலையில் கைகளை விரித்து நின்றால், வாடை பார்ப்பதற்கு முன் பிரேக்கை மிதிக்கிறேன்.