முப்பத்தாறு ‘மெல்ல’

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் டி.டி.பி. கடையில் ஜெய்னப் பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறாள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரி ஆய்வேடு எல்லாம் வரும். கவிதைத் தொகுப்புகளும் வரும். தொகுப்பு எவருடையதானாலும் அதில் பூ மெல்ல மலரும், இருள் மெல்லக் கவியும், காதலி மெல்லச் சிரிப்பாள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் வரிக்கு ஒன்றும் ஆகாது என்பது ஜெய்னப்பின் எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் பண்ருட்டி முந்திரி வியாபாரி கொளஞ்சியப்பன் தம் முதல் தொகுப்போடு வந்தார். நாற்பது கவிதை, எண்ணிப் பார்த்தால் முப்பத்தாறு ‘மெல்ல’. அப்போதுதான் அவருக்குக் கண்புரை எடுத்திருந்தது. “மெய்ப்பு நீயே பாத்துடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெய்னப் பார்த்தாள். முப்பத்தாறையும் எடுத்துவிட்டாள்.

வடலூரில் வெளியீட்டு விழா. புத்தகத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கிய கொளஞ்சியப்பன் பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, மீதியை மனப்பாடமாகவே சொல்லி முடித்தார். மறுநாள் காலையில் கடைக்கு வந்துவிட்டார்.

“என்னாத்துக்கும்மா எடுத்த?”

“எல்லாத்துலயும் அதே வார்த்தைங்கய்யா. ஜாஸ்தியா இருந்துச்சி.”

“சரி, இதப் படி.”

அவர் அப்பா இறந்ததைப் பற்றிய கவிதை. ‘அப்பாவை வண்டியிலிருந்து இறக்கினார்கள்’ என்றிருந்தது.

“பொணத்தத் தூக்கிப் போட மாட்டாங்கல்ல, அதான்…” என்று இழுத்தாள் ஜெய்னப்.

“எங்கப்பா மண்டியில மூட்ட தூக்கனவரு. ஆயுசு முழுக்க எல்லாரும் வெரட்டித்தான் வேல வாங்கனாங்க. அன்னிக்கித்தான் மெல்ல இறக்கனாங்க.”

ஜெய்னப் அந்த வரியை மறுபடி படித்தாள். வெறும் தகவலாக இருந்தது. அப்படி ஆக்கியது தான்தான் என்று தெரிந்தது.

“தப்புதாங்கய்யா. கேட்டிருக்கணும்.”

“மத்தது போவட்டும். நானும் யோசிக்காமத்தான் போட்டிருக்கேன். இது மட்டும் வேணும்.”

முந்நூறு பிரதி அச்சாகிவிட்டிருந்தது. இருவரும் ஆளுக்கொரு கறுப்புப் பேனாவோடு உட்கார்ந்து, இருபத்தேழாம் பக்கத்தில் அந்த ஒரு சொல்லைக் கையால் எழுதினார்கள். இரண்டு நாள் ஆனது. அவர் கையெழுத்து கோணல். ஜெய்னப்புடையது அச்சுப்போல் இருக்கும்.

இப்போது அவள் எதையும் தானாக எடுப்பதில்லை. பென்சிலால் வட்டமிட்டு, “இது வேணுங்களாய்யா?” என்று கேட்கிறாள். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.