அருணாக்கயிற்றில் கோத்த வாஷர்கள்

நடக்கப் பழகுவதற்கு முன்பே நான் மிதக்கப் பழகிவிட்டேனாம். அம்மா சொல்லித்தான் தெரியும். பாயில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாய்க்கு மேலே அந்தரத்தில் கிடப்பேனாம்.

இராஜபாளையத்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. அப்பாவுக்கு பேண்டேஜ் துணி கம்பெனியில் எப்போதும் இரவு ஷிப்ட். பகலில் ஃபேன் ஓடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். தூங்காமல் போனால் மெஷினில் கையை விட்டுவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் ஃபேனை நிறுத்த முடியாது. அதற்குக் கீழே மிதக்கிற பிள்ளையை என்ன செய்வது? அம்மா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தாள். அங்கே கழித்துப் போட்ட இரும்பு வாஷர்களைப் பொறுக்கி வந்து என் அருணாக்கயிற்றில் கோத்துவிட்டாள். நான் வளர வளர வாஷரும் கூடியது. ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கும் மாதத்தில் கூடுதலாக ஒன்று. ஓடும்போது கிணுகிணுவென்று சத்தம் வரும். தெருவில் என்னைக் கோயில் மாடு என்பார்கள்.

என்னைப் போன்ற பிள்ளைகளுக்காக அரசாங்கம் நாடு முழுக்கப் பள்ளிகள் நடத்துகிறது. தாளில் அதற்குப் பெயர் தேசிய ஆற்றல் பள்ளி. எங்கள் தெருவில் சூப்பர் ஹீரோ ஸ்கூல். படித்து முடித்தவர்களை வெள்ளத்துக்கும் தீ விபத்துக்கும் அனுப்புவார்கள். டிவியில் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் போகப்போவதே இந்தப் பள்ளிக்கூடம்தான் என்று அம்மா மில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கான தேர்வு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைதானத்தில் நடந்தது. டவுன் பஸ்ஸில் போனோம். உடம்பில் இருக்கிற பொருட்களையெல்லாம் கழற்றி வைக்கும்படி மைக்கில் சொன்னார்கள். அம்மா என் செருப்பைக் கழற்றினாள். மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றினாள். சட்டைப் பையில் கிடந்த மிட்டாயைக்கூட எடுத்துக்கொண்டாள்.

"வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார் அளக்கிற அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார். சுத்தமா கழட்டிட்டேன்."

அம்மா பொய் சொல்லவில்லை. அருணாக்கயிறு கழற்றி வைக்கிற சாமான் என்று எங்களில் யாருக்கும் தோன்றாது. இற்றுப்போனால்கூடப் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்போம். இடுப்பை வெறுமையாக விடுவது செத்தவர்களுக்கு மட்டும்தான்.

மற்ற பிள்ளைகள் கொடிக்கம்பத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு வந்தார்கள். நான் அதிகாரியின் முழங்கால் அளவுக்கு எழும்பி நின்றேன். அம்மா கை தட்டினாள். வீட்டில் நான் அவ்வளவு உயரம் போனதே இல்லை.

தரைப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். பறப்பவர்களுக்குக் கீழே நின்று கயிறு பிடிப்பது, கொடி காட்டுவது, இறங்க இடம் ஒதுக்குவது, இதுதான் எங்கள் படிப்பு. சேர்ந்த புதிதில் விடுதிக் குளியலறையில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் என் இடுப்பைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏலே, என்னலே இது? இடுப்புல இரும்புக் கடையே வச்சிருக்க?"

வார்டன் வந்து அறுத்துப் போட்டார். அந்த நிமிடமே என் தலை கூரைத் தகரத்தில் போய் மோதியது.

பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரிடம் கூட்டிப்போனார்கள். நல்ல மனிதர். பொறுமையாகப் பலமுறை சோதித்துப் பார்த்தார். மேலே போக முடிந்தது. ஆனால் மேலே போய் நிற்க முடியவில்லை. பாரத்தை எதிர்த்தே பழகிய உடம்பு, பாரம் போனதும் எகிறிக் குதித்தது, கவிழ்ந்தது. "நிதானம் சின்ன வயசுல உடம்பு தானா கத்துக்கிறதுப்பா. அத நான் சொல்லித்தர முடியாது" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா என் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வாசரு எங்கய்யா?"

"கழட்டச் சொல்லிட்டாங்கம்மா."

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அதனாலயா ஒன்னைய மேல சேக்கல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு அம்புட்டுதான் வரும்."

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வரவில்லை.

இப்போது செண்பகத்தோப்பில் மீட்புக் குழுவில் இருக்கிறேன். மலையில் தீப்பிடித்தால் என்னோடு படித்தவர்கள் மேலே போவார்கள். நான் அடிவாரத்தில் கொடியோடு நிற்பேன். காற்று திசை மாறினால் முதலில் தெரிந்துகொள்வது நான்தான். தேவையான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர்கள் மரங்களுக்கு மேலே எழும்பும்போது என் குதிகால்கள் தாமாகவே தூக்கிக்கொள்ளும். இத்தனை வருடமாகியும் அது நிற்கவில்லை.

போன மாதம் வன்னியம்பட்டியிலிருந்து அம்மா போன் செய்தாள். என் தங்கையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"ஒம் மருமக தொட்டில்ல தங்க மாட்டேங்காய்யா. சேலையோட மேல வாரா. அருணாக்கயிறு தாய்மாமன்தான் கொண்டாரணும். வாசரு கோத்தே வாங்கிட்டு வா."

போனேன். கறுப்புக் கயிறு மட்டும் கொண்டுபோனேன்.

தங்கையின் மாமியார் தட்டைப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, மாமன் சீரு வெறும் நூலுதானா? சர்க்காரு சம்பளம் வாங்குத ஆளு, வெள்ளியில ஒரு அருணாக்கொடி ஆகாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் கயிற்றை எடுத்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"எங்கய்யா?"

"இவளுக்கு வேண்டாம்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்குக் கேட்டப்ப, அம்புட்டுதான் வரும்னு சொன்னியே?"

குழந்தையை மடியில் வாங்கிக் கயிற்றைக் கட்டினேன். முடிச்சு விழுந்ததும் கையை விட்டேன். குழந்தை என் மடியிலிருந்து எழும்பி, என் நெஞ்சைத் தாண்டி, முகத்தைத் தாண்டி மேலே போனாள். மாமியார் கத்திக்கொண்டு எழுந்தார்.

அம்மா கத்தவில்லை. விறுவிறுவென்று சுவர்ப் பக்கம் போய் ஃபேனை நிறுத்தினாள். அது சுற்றி ஓயும் வரை சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.