வாய்க்குள் வராத எழுத்து

ஒருவர் வாயில் வராத ஒலியை வரவைப்பதுதான் என் பிழைப்பு. வண்ணார்பேட்டையில் ஆஸ்பத்திரிகள் இருக்கும் தெருவில், மாடியில் ஒரு சின்ன அறை. சுவரில் பெரிய கண்ணாடி, மேசையில் நாக்கை அழுத்த ஐஸ் குச்சிகள். 'பேச்சுப் பயிற்சியாளர்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். ஜனங்களுக்கு நான் 'திக்குவாய் டீச்சர்'. உழைத்ததெல்லாம் கண்ணெதிரே வீணாய்ப் போகிற வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பயமும் பளமும்

ஒரு சிறுமிக்கு ழ வராது, ய தான் வரும். பழத்தைப் 'பயம்' என்பாள். வகுப்பில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். நாக்கைப் பின்னால் மடக்கி மடக்கி, ஒரு வழியாக அழகாகப் 'பழம்' என்றாள். கூட்டிப் போக வந்த அம்மா, "ஏட்டி, பளம் திங்கியா?" என்றாள். அடுத்த முறை வந்தபோது பிள்ளையும் 'பளம்' என்றது. வீட்டில் கொஞ்சம் ழ சொல்லிப் பேசுங்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். "எங்க தெருவுலயே யாருக்கும் வராதத இவகிட்ட மட்டும் கேட்டா எப்படி டீச்சர்?"

ராசு

பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். ர என்றால் ல தான் வரும். சொந்தப் பெயரையே 'லாசு' என்பான். பட்டறையிலும் அதுவே நிலைத்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெயர் கேட்டிருக்கிறார்கள். சொன்னதும் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். மறுநாள் என்னிடம் வந்தான்.

நாக்கு நுனியை மேலண்ணத்தில் தட்டவைக்க இருவரும் படாத பாடு பட்டோம். ஒருநாள் 'ராசு' என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபடியே அழுதான். அன்று எனக்கும் சோறு ருசித்தது.

சில மாதம் கழித்து அவனை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே டீக்கடையிலிருந்து அவன் கூட்டாளி ஒருவன், "ஏலே லாசு, பஸ்ஸு வருது பாருலே" என்றான். இவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னான்: "எனக்கு ர வந்துட்டு மேடம். அவனுவளுக்குத்தான் போயிட்டு."

காக்கா

காயல்பட்டினத்திலிருந்து ஒரு தாய் தன் கடைக்குட்டியைக் கூட்டி வருவார். அவனுக்கு க எல்லாம் த. அவர்கள் வீட்டில் அண்ணனை 'காக்கா' என்பார்கள். அண்ணன் துபாயில். போனில் தம்பி அவனை 'தாத்தா' என்று கூப்பிட, அங்கே அறையில் இருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்களாம்.

நாக்கு நுனியைக் குச்சியால் அழுத்திப் பிடித்து, தொண்டைப் பக்கமிருந்து க வரவைத்தேன். வந்த அன்றே என் அறையிலிருந்து அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார்கள். பிள்ளை கணீரென்று 'காக்கா' என்றான். அண்ணன் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னான்: "உம்மா, பழையபடி தாத்தான்னே கூப்பிடச் சொல்லுங்க. இது வேற யாரோ புள்ள மாதிரி இருக்கு."

போ

முக்கூடல் விவசாயி ஒருவருக்குப் பக்கவாதம். பேச்சில் மிஞ்சியது 'போ' மட்டும். தண்ணீர் கேட்டாலும் போ, கால் வலித்தாலும் போ. மனைவி கைத்தாங்கலாக மாடி ஏற்றிக் கொண்டுவருவார். கண்ணாடி முன் உட்காரவைத்து, வா, தா, மா என்று உதட்டைக் காட்டுவேன். நரம்பு புடைக்க முயல்வார். 'போ' என்றுதான் வரும். உடனே தலையைக் குனிந்துகொள்வார்; வேறு சொல்ல நினைத்தது அவருக்குத் தெரியும்.

மாதக்கணக்கில் பார்த்தும் அசையவில்லை. அந்த அம்மாவைத் தனியே அழைத்து, இனி வேறு சொல் வருவது கஷ்டம், இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "கட்டிக்கிட்ட நாள்லருந்து எங்கிட்ட அத ஒண்ணத்தான் சொன்னாவ. வேற ஒரு சொல்லு வந்துராதான்னுதான் பஸ் ஏறி வந்துட்டிருந்தேன்."

ஊரைப் பேசவைக்க வந்த நான், முக்கால்வாசி நாள் பதில் சொல்ல ஒரு வார்த்தை அகப்படாமல்தான் அறையைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறேன்.