நான் திருத்திய இங்கிலீஷ்

இன்று எங்கள் மலையூரின் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் ஜெசிந்தா அக்கா கடைக்குக் காபித்தூள் வாங்கப் போனேன்.

வடநாட்டுப் பயணி ஒருவரிடம் மிளகை நீட்டி, "யூ ஆர் ஸ்மெல்லிங் வெரி குட் சார்!" என்றார் அக்கா. அவரும் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

இங்கிலீஷ் டீச்சரான எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, அப்படிச் சொன்னா அவர்தான் மணக்கிறார்னு அர்த்தம்!"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படிங்களா டீச்சர்? போன்ல பார்த்து நொம்ப நாளாப் படிச்சேனுங்க" என்றார் அக்கா, மெதுவாக.

அடுத்து வந்த பயணிகளிடம் அவர் வாயே திறக்கவில்லை. விலையை விரலால் காட்டினார்.

"பேசுங்கக்கா" என்றேன்.

"வேண்டாங்க டீச்சர், தப்பாப் போயிரும்."

'தப்பானாலும் பரவாயில்லை, பேசுங்கள்' என்று வகுப்பில் தினமும் சொல்கிறவள் நான். நாளைக்கு அதை எந்த முகத்தோடு சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.