விதைத்த வயலில் ஊற்றிய இலைச்சாறு

காலை 6.20. திருச்சியில் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஊர் பார்க்கப் போகிறவனின் உற்சாகம் எனக்கு இல்லை. இந்த ஆவணியில் ஒரு விவசாயப் பத்திரிகையில் நான் எழுதியதை நம்பி, பாபநாசம் பக்கத்தில் மலர்க்கொடி என்ற பெண் தன் விதைநெல்லை இழந்திருந்தார். போனில் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு தடவை வந்து பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

தைலமரத்தின் காய்ந்த இலையைப் பொடித்து, இரண்டு நாள் ஊறவைத்து, அந்தச் சாற்றை வயல் தண்ணீரில் கலந்துவிட்டால் அதிலுள்ள இயற்கை ரசாயனம் களை விதைகளை முளைக்க விடாது என்பதுதான் கட்டுரை. மூன்றாம் நாள் ஊற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். நாற்று நட்ட மூன்றாம் நாள் என்று எழுதவில்லை. நான் பார்த்தது நடவு வயல். எல்லாருக்கும் அது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மேதாவி.

8.05. தஞ்சாவூரில் பஸ் மாறினேன். பாபநாசத்துக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர். ஐப்பசி மழை விட்டிருந்தது. இருபுறமும் சம்பா பச்சை கட்டி நின்றது. வேறொரு நாளாக இருந்தால் ஜன்னலோரம் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

9.15. பாபநாசத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். குடமுருட்டிக் கரையோரமாகப் போனோம். இங்கே இப்போது எல்லாரும் களைக்கு மருந்துதான் அடிக்கிறார்கள், ஆள் வைத்துக் களை எடுத்துக் கட்டுப்படியாகாது என்று டிரைவர் சொல்லிக்கொண்டு வந்தார். மலர்க்கொடியின் வயலுக்கு என்று நான் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"முளைக்காம போச்சே, அந்த வயலுக்கா சார்?"

ஆமாம் என்றேன்.

மலர்க்கொடிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பயிரிடுகிறார். இரண்டு வருடம் முன்பு களைக்கொல்லி அடித்துவிட்டு வந்த கணவர் வரப்பிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். அன்றோடு அந்த மருந்து வீட்டுக்குள் வரவில்லை. அதனால்தான் என் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருந்தார்.

தண்ணீர் தாமதமாக வந்ததால் அவர் நாற்றுவிடவில்லை; நேரடியாக விதைத்துவிட்டார். மூன்றாம் நாள், பத்திரிகையில் போட்டிருந்தபடியே சாற்றை ஊற்றினார். களையும் முளைக்கவில்லை, நெல்லும் முளைக்கவில்லை.

"அதுக்கு எது நெல்லு, எது களைன்னு தெரியுமா சார்? முளைக்கிற வெதையெல்லாம் அதுக்கு ஒண்ணுதான்."

வயலைக் காட்டினார். உறவுக்காரர்கள் வயலில் மிஞ்சிய நாற்றைக் கேட்டு வாங்கி நட்டது பாதிக்குத்தான் வந்திருக்கிறது. அந்தப் பாதியில் பயிர் நன்றாக வேர்பிடித்திருந்தது. நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோரைக் களை, அவ்வளவுதான். மறு பாதியில் வெறும் தண்ணீர் நின்றது. பாதி வயலைத் தரிசாகப் போடுகிறவருக்கு இனிக் குத்தகை இல்லை, தையில் வேறு ஆளுக்கு விடுவதாக நிலக்காரர் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

நட்ட பாதியில் களை எப்படிக் குறைந்தது என்று கேட்டேன். நாற்று ஏற்கெனவே முளைத்ததுதானே, வேர்பிடிக்க ஒரு நாள் கூட விட்டு, நட்ட நாலாம் நாள் அதே இலைச்சாற்றைத்தான் ஊற்றினேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பட்டும் மறுபடியுமா என்றேன்.

"தப்பு எலை மேல இல்லையே சார்."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வெறும் தண்ணீர் நின்ற பக்கம் பார்த்துச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். நிலக்காரரிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். அவர் கேட்கமாட்டார் என்று மலர்க்கொடி தலையாட்டினார்.

"எழுதுங்க. எப்ப ஊத்தக் கூடாதுங்கறத மொதல்ல எழுதுங்க. மத்ததெல்லாம் பொறவு."

பிற்பகல் 2.40. தஞ்சாவூர் பஸ். எங்கள் தொழிலில் பிழை என்றால் அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். இங்கே அது அரை ஏக்கர் தண்ணீராக நிற்கிறது. மடியில் நோட்டை வைத்து எழுதினேன்: நேரடியாக விதைத்த வயலில் இலைச்சாற்றை ஊற்றாதீர்கள்.

ஒரே வரி. ஆவணியில் இதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.