பின்கால் எழும்பிய பந்து

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் குழப்பமே கிடையாது. லென்ஸைத் தேய்ப்பார், ஃபிரேமில் பொருத்துவார், "கடைசி வரி தெரியுதா?" என்பார். தெரிந்தால் வேலை முடிந்தது. ஏழாம் நாள்தான் வம்பு. அன்று பெண்கள் சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு அவர்தான் அம்பயர். சம்பளம் பூஜ்யம், திட்டு மட்டும் தாராளம்.

இறுதி ஆட்டத்தின் முதல் பந்திலேயே பார்த்துவிட்டார். வீசும் பெண்ணின் பின்கால், பந்து கையை விடும்வரை தரையைத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். இவளுக்கோ இரண்டு காலும் அந்தரத்தில். தப்புப் பந்து என்று கை தூக்கியிருக்க வேண்டும். மனிதருக்கு மனசு வரவில்லை. பாவம், பதற்றத்தில் குதித்திருப்பாள். அடுத்ததிலும் குதித்தாள். இப்போது தூக்கினால் முந்தியதை ஏன் விட்டாய் என்பார்களே? ரன்னுக்கு ஓட பேஸில் காத்து நிற்கும் ஆளில்லை, என்ன குடிமுழுகிவிடப் போகிறது? இப்படியே சால்ஜாப்பு சொல்லி ஆறு இன்னிங்ஸை ஓட்டிவிட்டார்.

இடைவேளையில் மனைவி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

"அந்தப் பொண்ணு குதிக்கிறா. தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுது."

"அப்புறம் ஏன் சும்மா இருக்கீங்க?"

"அதான் எனக்கே புரியல."

"நல்லா இருக்கு கதை!" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

கடைசி இன்னிங்ஸின் கடைசிப் பாதி. இரு அணியும் சமம். மூன்றாம் பேஸில், ரன்னுக்கு இன்னும் ஒரே பேஸ் பாக்கி என்று, எதிரணிப் பெண் நிற்கிறாள். தப்புப் பந்து என்றால் அவள் ஒரு பேஸ் சும்மாவே நடந்து வந்து ஜெயித்துவிடலாம், அதுதான் விதி. சொல்லாவிட்டால் மட்டை பிடித்தவளுக்கு அநியாயம். இவ்வளவு நேரம் விட்டவனுக்கு இப்போது மட்டும் என்ன விதி வேண்டிக்கிடக்கிறது? பந்து வந்தது, கால் எழும்பியது, யோசித்து முடிப்பதற்குள் அவர் கையும் எழுந்துவிட்டது.

ஆட்டம் முடிந்தது. "கடை நிறையக் கண்ணாடி இருக்கே, ஒண்ண எடுத்து மாட்டுய்யா!" என்று எவனோ கத்தினான். அது வாராவாரம் கேட்பதுதான், அவருக்கு உறைக்கவில்லை.

வீசிய பெண் நேரே அவரிடம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தார்.

"சார், நான் மொதப் பந்துலேர்ந்தே இப்படித்தான் போட்டேனா?"

"ஆமாம்மா."

"அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா மாத்திக்கிட்டிருப்பேனே, சார்."

பந்தை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் அதுவரை நினைத்திருந்தார்.